குதிரைக்கு வைட்டமின் ஈ: மூடிக் கணக்கு சரிப்படாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பில் குதிரை வண்டிப் பந்தயம் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கிடைக்கிற இடத்தில் கால்வாசிகூட எங்கள் குதிரைகளுக்குக் கிடைப்பதில்லை என்று புலம்புகிற ஆள் நான், அதனால் காலையிலேயே இரண்டு முறை படித்துவிட்டேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கீழே இருந்த பெட்டிச் செய்தி கண்ணில் பட்டது. ஈ-செலினியம் பவுடர் காலையில் இரண்டு மூடி, மாலையில் இரண்டு மூடி, பந்தய வாரத்தில் அதையே இரட்டிப்பாக்குவோம், வைட்டமின்தானே, மிஞ்சினால் மூத்திரத்தில் போய்விடும் என்று ஒரு குதிரைக்காரர் சொன்னதை அப்படியே அச்சடித்திருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, மூன்று வருஷம் முன்னால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பேப்பரில் வந்துவிட்டால் அது மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது. வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் அன்று மத்தியானமே போன் போட்டு, 'அண்ணே, அந்தப் பவுடர் பேரு என்ன?' என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மூத்திரக் கதையை முடித்துவிடுகிறேன். தண்ணீரில் கரைகிற பி, சி வைட்டமின்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஈ கொழுப்பில் கரைவது, உடம்பில் ஈரலிலும் கொழுப்பிலும் தங்கும். செலினியம் வைட்டமினே கிடையாது, அது தாது உப்பு, தேவைக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு.

நான் யானைமலை அடிவாரத்தில் குதிரை வளர்க்கிறவன் (யானைமலையில் குதிரை என்று என் சகலை கேலி செய்வார்). கல்யாண சாரட் வண்டிக்கு இரண்டு, சின்னக் குதிரைப் பந்தயத்துக்கு ஒன்று. எங்கள் அப்பா மதுரை ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். அவர் காலத்தில் டப்பா கிடையாது, ஊறவைத்த கொள்ளு, தவிடு, அப்புறம் தினமும் வீட்டு வாசலில் வந்து இறங்குகிற அருகம்புல் கட்டு, அவ்வளவுதான். புல்லுக்கட்டு அக்கா ஒருநாள் வரவில்லை என்றால் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்விடுவார். அந்தப் புல்லில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தப் புல் நின்று போனதில்தான் என் கதை ஆரம்பிக்கிறது. கண்மாய்க் கரையில் பிளாட் கல் ஊன்றிவிட்டார்கள், புல் அறுக்கிற கைகள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டன, நானும் வைக்கோலும் சோளத்தட்டையும் வாங்கிப் போட்டு, மேலுக்குத் தவிடும் கொள்ளும் கூட்டிக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. ராணி என்று ஒரு பொட்டைக் குதிரை, வெள்ளை நுக்ரா, சாரட்டில் கட்டினால் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். அது மெலிய ஆரம்பித்தது. தீனி குறையவே இல்லை, தொட்டியை நக்கிக் காலி செய்யும், ஆனால் தொடையிலும் முதுகிலும் சதை வற்றிக்கொண்டே போனது. நிற்கும்போது நாலு காலையும் வயிற்றுக்கடியில் கூட்டி வைத்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றி நிற்கும், முன்னங்காலுக்கு மேலே சதை கிடுகிடுவென்று நடுங்கும். நடக்கும்போது அவ்வளவாகத் தெரியாது, சும்மா நிற்கும்போதுதான் நடுக்கம். அப்புறம் அடிக்கடி படுக்க ஆரம்பித்தது.

கண் திருஷ்டி என்றார்கள், சுற்றிப் போட்டோம். பூச்சி என்றார்கள், மருந்து ஊற்றினோம். ஒருவர் பல்லை ராவச் சொன்னார், அதுவும் ஆயிற்று. மெடிக்கலில் விற்குமே அந்தப் பச்சைக் கேப்சூல், பெண் பிள்ளைகள் முகத்துக்கும் முடிக்கும் உடைத்துத் தடவுவது, அதைத் தினமும் இரண்டு கொடு என்று பந்தய நண்பர் ஒருவர் சொன்னார், ஒரு மாதம் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் ஒரு கால்நடை மருத்துவரம்மா வந்து பார்த்தார். சர்ரா காய்ச்சல் (ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏறி வருவது) இருக்கிறதா என்றுதான் முதலில் ரத்தம் எடுத்தார், நம் பக்கத்தில் குதிரை மெலிந்தால் அதைப் பார்க்காமல் மற்றதைப் பேசக் கூடாதாம். அது இல்லை என்று வந்ததும், லாயத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'இது கடைசியா எப்ப பச்சைப் புல் தின்னுச்சுண்ணே?' என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல ஒரு நிமிஷம் ஆனது.

வைட்டமின் ஈ-யைக் குதிரையின் உடம்பு தானாகத் தயாரிக்காது, தின்பதிலிருந்துதான் வரவேண்டும். பச்சைப் புல்லில் நிறைய இருக்கிறது, அறுத்துக் காயப் போட்டுச் சேமிக்கும்போது பாதியோ அதற்கு மேலோ அழிந்துவிடுகிறது, நாளாக ஆக மிச்சமும் குறைகிறது. வைக்கோலில், வருஷம் போன தட்டையில் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. வேலை செய்யும் சதையையும் நரம்பையும் உள்ளுக்குள் உண்டாகும் சேதத்திலிருந்து காப்பாற்றுவது இந்த ஈதான். பச்சையே காணாமல் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கிடக்கிற குதிரைக்கு முதலில் சதை போகும், சிலவற்றுக்குச் சதையை இயக்குகிற நரம்பணுக்களே சாகும். இந்த நரம்பணு நோயை 1990-ல்தான் அமெரிக்காவில் முதன்முதலாகத் தனி நோயாக எழுதி வைத்தார்கள் என்று மருத்துவரம்மா சொன்னார். சதையோடு நின்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், செத்த நரம்பணு திரும்பாது. சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் இது இன்னும் மோசம், குட்டியில் நரம்பு கெட்டுப்போனால் பிறகு என்ன ஊற்றினாலும் நடை சரியாவதில்லை.

ராணியின் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினோம். ரத்தத்தில் மில்லிக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈ இருந்தால் போதுமானது, ஒன்றரைக்குக் கீழ் போனால் பற்றாக்குறை. ராணிக்கு 0.9. இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது: வெளிச்சம் பட்டால் ஈ கெட்டுவிடும் என்பதால் குழாயைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, ரப்பர் மூடியில் ரத்தம் படாமல் நிமிர்த்தியே கொண்டு போகவேண்டும். மதுரை வெயிலில் சட்டைப் பையில் போட்டு எடுத்துப் போனால் வருகிற நம்பர் குதிரையுடையதாக இருக்காது.

சரி, மருந்துக்கு வருகிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். நான் கொடுத்த பச்சைக் கேப்சூல் ஏன் வேலை செய்யவில்லை? வைட்டமின் ஈ என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒன்றல்லவாம். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஆல்ஃபா டோக்கோஃபெரால் என்ற பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'டி' மட்டும் இருந்தால் இயற்கையானது, சோயா போன்ற எண்ணெயிலிருந்து பிரித்தது. 'டிஎல்' என்று இரண்டு எழுத்து இருந்தால் ஆலையில் கூட்டியது, எட்டு விதமான அணு அமைப்புகள் கலந்த கலவை, அந்த எட்டில் ஒன்றுதான் புல்லில் இருப்பதோடு ஒத்துப்போகிறது. (இந்த 'டி'க்கும் வைட்டமின் டி-க்கும் சம்பந்தமில்லை, நான் முதலில் அப்படித்தான் குழம்பினேன்.) அடுத்து, பெயரின் கடைசியைப் பாருங்கள். 'அசிடேட்' என்று முடிந்தால் டப்பாவில் கெடாமல் இருப்பதற்காகப் பூட்டுப் போட்டது என்று அர்த்தம். குதிரையின் குடலில் அந்தப் பூட்டைக் கழற்றிய பிறகுதான் ரத்தத்துக்கு ஏறும். நல்ல உடம்போடு இருக்கிற குதிரைக்கு நாள்பட நாள்பட அதுவே போதும். ராணி மாதிரி வற்றிப்போனதற்கு ரத்த அளவு ஏறவே வாரக்கணக்கில் ஆகும். தண்ணீரில் கலக்கும்படி செய்த இயற்கை ஈ திரவம் என்று ஒன்று இருக்கிறது, அது ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் ஏறிவிடுகிறது. விலைதான் கையைக் கடிக்கும்.

அளவையும் மூடியில் சொல்லக் கூடாது, மூடிக்கு மூடி வித்தியாசம், டப்பாவுக்கு டப்பா வித்தியாசம். ஐ.யு. (வைட்டமினை அளக்கிற சர்வதேச அலகு) என்று போட்டிருப்பதைத்தான் பார்க்கவேண்டும். மில்லிகிராமும் ஐ.யு.வும் ஒன்றல்ல: செயற்கை அசிடேட்டில் 1 மில்லிகிராம் 1 ஐ.யு., அதனால் 400 மில்லிகிராம் என்று போட்ட அந்தப் பச்சைக் கேப்சூல் 400 ஐ.யு. இயற்கை டோக்கோஃபெராலில் 1 மில்லிகிராம் என்பது 1.49 ஐ.யு.

குதிரைக்கு எவ்வளவு? சும்மா நிற்கிற குதிரைக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 1 ஐ.யு., கடுமையாக ஓடுகிற குதிரைக்கு கிலோவுக்கு 2 ஐ.யு. வரை, இது நாள் கணக்கு. 500 கிலோ குதிரைக்கு 500-லிருந்து 1,000 என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதுதான், ஆனால் நம் ஊரில் 500 கிலோ குதிரை யாரிடம் இருக்கிறது? பந்தயத்துச் சின்னக் குதிரையெல்லாம் அதில் பாதி தேறினால் அதிகம். எடை மேடை தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்குங்கள், தோள் முனையிலிருந்து புட்ட முனை வரை நீளத்தால் இன்னொரு முறை பெருக்குங்கள், 11,880-ஆல் வகுங்கள், ஏறக்குறைய கிலோ வந்துவிடும். ராணிக்குச் சுற்றளவு 160, நீளம் 150, கணக்குப் போட்டால் 323 கிலோ. அதுவரை நான் சந்தையில் சொன்ன 400-ஐத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பற்றாக்குறையைச் சரிசெய்ய மருத்துவரம்மா கிலோவுக்கு 10 ஐ.யு. வைத்தார், ராணிக்கு 3,200-க்கு மேல். நான் கொடுத்த இரண்டு கேப்சூல் 800 ஐ.யு., அதுவும் செயற்கை, அதுவும் பூட்டுப் போட்டது, அதையும் காலையில் வெறும் வயிற்றில் வாயில் தள்ளியிருக்கிறேன். கொழுப்பில் கரைகிற சாமானை வெறும் வயிற்றில் கொடுத்தால் எங்கே ஏறும், தீனியோடு கொஞ்சம் எண்ணெய் கலந்து கொடுக்கணும் என்று திட்டு விழுந்தது. பெங்களூரில் ஒரு நண்பர் மூலம் திரவ மருந்து வரவழைத்தோம், மில்லிக்கு 500 ஐ.யு., தினம் ஆறரை மில்லி, நனைத்த தவிட்டில். பதினெட்டாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தபோது 2.4. நடுக்கம் நிற்க இரண்டு மாதம் ஆனது. திடீரென்று நிறுத்தாமல் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பச்சைக்கு மாற்றினோம்.

கிலோவுக்கு 10 என்பது சிகிச்சை அளவு, ரத்தம் பார்த்து, மருத்துவர் சொல்லி, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுப்பது. கிலோவுக்கு 20 என்பது மேல் எல்லை. அளவுக்கு மீறினால் வைட்டமின் ஏ சேருவதையும் ரத்தம் உறைவதையும் கெடுக்கலாம். குறை இல்லாத குதிரைக்கு மேலும் மேலும் ஊற்றினால் ஓட்டம் கூடும் என்பது சும்மா. எண்ணெய் ஊற்றி வளர்க்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும், தீனியில் எண்ணெய் கூடக் கூட ஈ தேவையும் கூடும், 100 மில்லி எண்ணெய்க்கு நூறு நூற்றைம்பது ஐ.யு. சேர்த்துப் போட வேண்டும். சிக்கு வாடை வந்த எண்ணெய் இருக்கிற ஈ-யையும் தின்றுவிடும். தகரக் கொட்டகையில், சித்திரை வெயிலில், தாது உப்போடு கலந்து மூட்டை கட்டி வைத்த பவுடரும் அப்படித்தான்.

இனி செலினியம். ஈ-செலினியம் என்று இரண்டையும் ஒட்டியே பேசி நமக்குப் பழகிவிட்டது, கடையிலும் அப்படித்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள், பாதி டப்பாவில் கோழிக்கும் மாட்டுக்கும்தான் அளவு போட்டிருக்கிறது. 500 கிலோ குதிரைக்கே ஒரு நாளைக்கு 1 முதல் 3 மில்லிகிராம் செலினியம் போதும், தீனியிலிருந்து வருவதையும் சேர்த்து. நான் ராணிக்காக முதலில் வாங்கி வந்த டப்பாவில் ஒரு மூடிக்கு 500 ஐ.யு. ஈ, 1 மில்லிகிராம் செலினியம். டப்பா மேலே பாயும் குதிரைப் படம் வேறு. 3,200 ஐ.யு. வேண்டும் என்று ஆறு மூடிக்கு மேல் அள்ளிப் போட்டிருந்தால் 323 கிலோ உடம்புக்குள் தினம் 6 மில்லிகிராமுக்கு மேல் செலினியம் போயிருக்கும். பவுடரைக் கலக்கவே போய்விட்டேன், மருத்துவரம்மா டப்பாவைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். ஈ மட்டும் தனியாக இருக்கிற மருந்தைத் தேடு என்றார். நாள்பட்டு ஏறினால் பிடரி முடியும் வால் முடியும் கொட்டும், குளம்பில் வளையம் வளையமாக வரி விழுந்து வெடிக்கும், நொண்டும். ஒரேயடியாக ஏறினால் சாவுதான். 2009-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் போலோ ஆட்டத்துக்கு வந்த 21 குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து செத்தன. சத்து ஊசி என்று போட்டதில் செலினியம் அளவு தப்பாகக் கலந்திருந்தது. பந்தயத்தன்று காலையில் நமக்கு நாமே ஈ-செலினியம் ஊசி போட்டுக்கொள்கிற பழக்கம் இங்கேயும் தலைகாட்டுகிறது. அந்த ஊசி சில குதிரைகளுக்கு ஒவ்வாமல் அதே இடத்தில் சாய்த்துவிடும், அதில் இருக்கிற ஈ-யும் ரொம்பக் கொஞ்சம். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் மிச்சம் இருக்கிறது என்று குதிரைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால், கோழிக்கு ஒன்றும் ஆகாத அளவு குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.

பாண்டிய நாட்டுக்கு அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கிய காலத்தில், 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன, சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். எழுநூறு வருஷம் ஆகிவிட்டது, நாம் முட்டையும் பேரீச்சையும் பவுடரும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆவணி மூலத்துக்கு நரியைப் பரியாக்கிய லீலையைப் பார்க்க வருஷா வருஷம் கூடுகிற ஊர் இது. அது சொக்கநாதரால் ஆகும், டப்பாவால் ஆகாது. சித்திரையில் அழகர் ஏறி வருகிற தங்கக் குதிரை புல் கேட்காது. நம் லாயத்தில் நிற்பது கேட்கும், மாசிக்கு அப்புறம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் இப்போது கிணற்றடியில் ஐந்து சென்ட் குதிரைமசால் போட்டிருக்கிறேன். பெயரிலேயே குதிரை இருக்கிற பயிரை நம் ஆட்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் அறுத்துப் போடுகிறார்கள். ஒரேயடியாகப் போட்டால் வயிற்றுவலி வந்துவிடும், கைப்பிடியில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் கூட்டவேண்டும். அருகம்புல் கிடைத்தால் அதை அடித்துக்கொள்ள வேறு இல்லை. பச்சைதானே என்று நேப்பியர் புல்லை மட்டுமே போடுகிறவர்கள் யோசிக்கவேண்டும், அதில் இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குதிரையின் எலும்பைக் கெடுக்கும். சூபாபுல் தழை வேண்டவே வேண்டாம், பிடரி முடி கொட்டும். தினம் பாதி நாள் நல்ல பச்சை மேய்கிற குதிரைக்கு எந்த டப்பாவும் வாங்கவேண்டாம், அந்தக் காசை லாடத்துக்கு வையுங்கள். ராணி மறுபடி சாரட் இழுக்கிறது, கிட்டத்து மண்டபங்களுக்கு மட்டும். தொடைச் சதை முன்போல் வரவில்லை.

ஆசிரியர் ஐயா, திருத்தம் போடுவீர்களோ மாட்டீர்களோ, உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தப் பெட்டிச் செய்திக்கு மேலே போட்டிருந்த போட்டோவை எடுத்துப் பாருங்கள். அந்தச் செவலைக் குதிரையின் பிடரி கழுத்து நடுவில் மொட்டையாக இருக்கிறது. கத்தரித்த மாதிரி தெரியவில்லை, கொட்டிய மாதிரி இருக்கிறது. முன்னங்கால் குளம்பில் குறுக்கே ஒரு வரியும் தெரிகிறது. அச்சுப் படம்தான், நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், சூபாபுல்லாகவும் இருக்கலாம். உங்கள் நிருபர் தம்பியிடம் அந்த அண்ணன் நம்பர் இருக்கும். பந்தயத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருந்தாலும் சரி, அந்தப் பவுடரை இன்றைக்கே நிறுத்திவிட்டு, டப்பாவையும் குதிரையையும் சேர்த்து ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சாரட் வண்டிக்காரன்,
யானைமலை ஒத்தக்கடை, மதுரை.